ஒரு நாள் காபி சாப்பிடலாம்

லோர்னா ஹால்வர்சன் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'சாரி' சொல்கிறாள் என்று யாராவது உட்கார்ந்து எண்ணியிருந்தால் மத்தியானத்துக்குள் சலித்துப்போய் எழுந்திருப்பார்கள். கடையில் இன்னொருத்தன் தள்ளுவண்டி இவள் கணுக்காலில் இடித்தால் இவள்தான் சாரி சொல்வாள். அடுத்த வீட்டுக் கடிதத்தைத் தபால்காரர் இவள் பெட்டியில் போட்டுவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இவள்தான் சாரி சொல்வாள். ஒருமுறை வங்கியின் கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தபடி கதவைப் பார்த்து சாரி சொன்னாள், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இப்படி அறுபத்தெட்டு வருஷம் வாரி இறைத்தவளுக்கு, உண்மையாகவே ஒரு சாரி சொல்ல வேண்டிய நாள் வந்தபோது வாய் வரவில்லை.

வளர்ப்பு அப்படி. வடக்கு ஒன்டாரியோவில் மெக்கல்லம் லேக் என்ற அந்தச் சின்ன ஊரில், லோர்னாவின் அம்மா வீட்டில் இரண்டே சட்டங்கள். ஒன்று, பூட்ஸை வாசலிலேயே கழற்ற வேண்டும். இரண்டு, யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூடாது. இரண்டும் மோதிக்கொண்டால் இரண்டாவதுதான் ஜெயிக்கும். பூட்ஸோடு உள்ளே வந்துவிட்டவரை அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "பரவால்ல பரவால்ல, அப்படியே வாங்க" என்று அழைத்து உட்கார வைப்பாள். அவர் போனதும் தரையை மூன்று முறை துடைப்பாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்கு வாழ்த்து அட்டை போகாது. தான் என்ன செய்தோம் என்று அந்த ஆளுக்குச் சாகும்வரை தெரியாது.

லோர்னா தபால் நிலையக் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் நின்றாள். யாரோடும் ஒரு சண்டை கிடையாது. ஓய்வு பெற்ற அன்று மேலாளர் அதைச் சொல்லித்தான் கேக் வெட்டினார். ஆனால் பின்னறையில் ஊழியர்களுக்கான குளிர்பெட்டியின் கதவில் வாரத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். 'நீல மூடி போட்ட டப்பாவிலுள்ள தயிரை எடுத்தவருக்கு: பசியாக இருந்திருப்பீர்கள், புரிகிறது. அடுத்த முறை கேட்டால் சந்தோஷப்படுவேன். நன்றி!' கீழே ஒரு சிரித்த முகம் வரைந்திருக்கும். யார் எழுத்து என்று எல்லாருக்கும் தெரியும். தயிரைத் திருடியவனுக்கும் தெரியும். அவனும் இவளும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் நின்று, முப்பது வருஷமும் குளிரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். கணவன் கோர்டிக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டர்னிப் கிழங்கை வேகவைத்து மசித்துப் போட்டாள். அவளுக்கு அதன் வாடையே ஆகாது; அவனுக்குப் பிடிக்குமே என்று செய்தாள். கோர்டி செத்து நாலாம் நாள், அவனோடு மீன் பிடிக்கப் போகிற நண்பன் ஒருவன் துக்கம் கேட்க வந்து, "பாவம், உனக்குப் பிடிக்கும்னுட்டு முப்பத்தெட்டு வருஷமா அந்தக் கண்றாவியத் தின்னான்" என்று சொல்லி அழுதான். இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் மரியாதை பார்த்து, ஆயுசு முழுக்கப் பிடிக்காததைத் தின்று தீர்த்திருக்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் லோர்னா அந்த நண்பனிடம், "சாரி" என்றாள்.

அவளுக்கு வெர்னா என்று ஒரே தங்கை. தண்டர் பே-யில், நாலு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நன்றிகூறும் பண்டிகைக்கு லோர்னா பூசணிக்காய் பை என்ற இனிப்புப் பண்டம் செய்து கொண்டுபோனாள். எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். மறுநாள் காலை குப்பைக் கூடையைத் திறந்தபோது அது வெட்டுப்படாமல் முழுசாகக் கிடந்தது. லோர்னா மூடியை மூடிவிட்டு, தங்கையைக் கட்டிப்பிடித்து விடைபெற்று வந்தாள். அதற்கப்புறம் போகவில்லை. ஒவ்வொரு டிசம்பரும் அட்டை மட்டும் அனுப்புகிறாள்: 'ஒரு நாள் கட்டாயம் சந்திக்கணும். காபி சாப்பிடலாம்.' வெர்னாவும் அதையேதான் பதிலாக எழுதுகிறாள். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் பொருள் தெரியும். அதைக் கேட்டு யாரும் தண்ணீரைச் சுட வைப்பதில்லை.

அந்தப் பொருள் தெரியாதவள் ஒருத்தி பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள்.

அவள் பெயர் அப்ரெஹெத். எரித்திரியாக்காரி, நாற்பதை நெருங்குகிறவள். அஸ்மாராவிலிருந்து சூடானுக்கு நடந்து, அங்கே முகாமில் ஆறு வருஷம் இருந்து, டொராண்டோவுக்கு வந்து, அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் இந்த வடக்குக்கு வந்து சேர்ந்தவள். வாடகை வீட்டிலேயே வேலைக்குப் போகிறவர்களின் ஐந்து பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இருந்தது ஒரே குறி: அஸ்மாராவில் தனியாக இருக்கும் அம்மாவை இங்கே வரவழைப்பது. அதற்கு மூன்று வருஷம் விடாமல் இன்ன வருமானம் என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும்.

வந்த வாரத்தில் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து லோர்னா கையாட்டினாள்.

"உங்க பேரு ரொம்ப அழகா இருக்கு. எனக்குத்தான் வாயில நுழையல, சாரி. ஆபின்னு கூப்பிடட்டுமா?"

"வேணாம். என் பேரு அப்ரெஹெத். மெதுவா சொல்லுங்க, வந்துடும்."

லோர்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இப்படி 'வேணாம்' என்று ஒருத்தர் அவளிடம் சொல்லி எத்தனை காலமாகிறதோ. சமாளிக்கத் தெரியாமல், எப்போதும் சொல்வதைச் சொல்லிவைத்தாள்: "ஒரு நாள் நாம ரெண்டு பேரும் காபி சாப்பிடலாம்."

மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அப்ரெஹெத் நிற்கிறாள். ஒரு கையில் கழுத்து நீண்ட மண்கூஜா, இன்னொரு கையில் சின்ன அடுப்பு, இடுப்பில் செருகிய பையில் பச்சைக் காபிக்கொட்டை.

"காபி சாப்பிடலாம்னு சொன்னீங்களே. வந்துட்டேன்."

லோர்னா இரவு உடையில் நின்றாள். என்ன சொல்ல முடியும்? "அடடா, வா வா, நல்லாத்தான் வந்த!" என்றாள். அப்ரெஹெத் சமையலறையில் கொட்டையை வறுத்தாள், இடித்தாள், சாம்பிராணி போட்டாள். தீப்பிடித்தால் கத்துகிற கருவி உத்தரத்தில் அலறியது. லோர்னா நாற்காலிமேல் ஏறித் துண்டால் விசிறிக்கொண்டே, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். இஞ்சி தட்டிப்போட்ட காபி மூன்று முறை வந்தது. ஒரு கோப்பையோடு எழுந்திருக்கப் பார்த்தவளை அப்ரெஹெத் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "மூணு குடிக்காம எழுந்தா, எங்க ஊர்ல அது கோபிச்சுக்கிட்டுப் போறது." பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருந்தார்கள். பூசணிக்காய் பை விஷயத்தை, இருபது வருஷத்தில் முதல்முறையாக, லோர்னா இன்னொரு உயிரிடம் சொன்னாள்.

"அப்பவே கேட்டிருக்கலாம்ல? ஏண்டி குப்பைல போட்டேன்னு?"

"அதெப்படி கேக்கறது?"

"வாயால."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பத்து மணி. சில நாளில் கதவைக்கூடத் தட்ட மாட்டாள், "லோர்னா!" என்று கத்திக்கொண்டே உள்ளே வருவாள். கோர்டி போனபின் அந்த வீட்டுக்குள் சொல்லாமல் வந்த ஒரே ஆள் அவள்தான். லோர்னாவின் தலைமுடியைப் பார்த்து, "இந்த வெட்டு நல்லால்ல, காதுக்குப் பின்னாடி எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்பாள். லோர்னா குளிரைப் பற்றி ஆரம்பித்தால், "அதான் வெளிய இருக்கே, அதப் பத்திப் பேச என்ன இருக்கு? உங்க முட்டிவலி எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க" என்பாள். சாரி மட்டும் அவள் வாயில் வராது. "தப்புப் பண்ணினா சொல்லலாம். சும்மா சும்மா சொன்னா, நிஜமா சொல்றப்போ யாரு நம்புவா?" லோர்னாவுக்கு ஒவ்வொன்றும் சுருக்கென்று குத்தும். ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவே இரண்டு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

தொல்லை காலை ஏழு ஐம்பதுக்கு ஆரம்பித்தது.

பிள்ளைகளை விட வருகிற பெற்றோர், அப்ரெஹெத் வீட்டு முன்னால் பனிக்குவியல் இருப்பதால், லோர்னாவின் வண்டிப்பாதையை அடைத்தபடி நிறுத்தினார்கள். இரண்டு நிமிஷம்தான். ஆனால் பிள்ளைக்குப் பூட்ஸ் மாட்டிக் கழற்றி, தொப்பியைத் தேடி, அது ஏழெட்டு நிமிஷமாகும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். லோர்னாவுக்கு எட்டு மணிக்கு நீச்சல் குளத்தில் முதியோருக்கான தண்ணீர்ப் பயிற்சி. அவள் காரில் உட்கார்ந்து, பின்கண்ணாடியில், வழியை மறித்து நிற்கிற நீல வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டிக்காரி ஓடிவந்து, "ஐயோ, உங்கள மறிச்சுட்டேனா?" என்றால், லோர்னா கண்ணாடியை இறக்கி, "இல்ல இல்ல, ஒண்ணும் பிரச்சினை இல்ல! மெதுவா எடுங்க!" என்று கையாட்டுவாள். ஹாரனைத் தொட்டதே கிடையாது. குளத்துக்குப் போனால் ஏணிக்குப் பக்கத்திலிருந்த அவள் இடத்தில் வேறு ஒருத்தி நிற்பாள். இடத்தைப் பிடித்தவளிடம் இவள் சாரி சொல்லிவிட்டு ஆழமான பக்கம் போவாள்.

அப்ரெஹெத் ஒரு சனிக்கிழமை நேராகவே கேட்டாள். "லோர்னா, காலைல அந்த வண்டிங்க உங்களுக்கு இடைஞ்சலா இருக்கா? உண்மையச் சொல்லுங்க. நான் அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுவேன், முடிஞ்சுது."

இதைவிட ஒருத்தி எப்படிக் கேட்க முடியும்? தட்டில் வைத்து நீட்டினாள்.

"சே சே, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல," என்றாள் லோர்னா. "பிள்ளைங்க சத்தம் கேட்டா எனக்குச் சந்தோஷம்தான்."

"நிஜமா?"

"நிஜமா."

சொல்லிவிட்டாள், மனசு கேட்டால்தானே? ஒவ்வொரு வண்டியும் உள்ளே கணக்கில் ஏறிக்கொண்டே போயிற்று. கேட்டுமா அவளுக்குப் புரியவில்லை, நான் 'இல்லை' என்று சொன்னதிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டாமா என்று வேறு கோபம். ஜனவரியில் ஒரு நாள், மைனஸ் முப்பத்தொரு டிகிரிக் குளிரில் பத்து நிமிஷம் காத்திருந்து, பயிற்சிக்கே போகாமல் வீட்டுக்குள் திரும்பி வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்து, ஊர் நிர்வாகத்தின் புகார்ப் படிவத்தை எடுத்தாள்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'இது குறித்து உங்கள் அண்டைவீட்டாரிடம் பேசினீர்களா?' லோர்னா கொஞ்சம் யோசித்தாள். பேச்சு வந்தது உண்மைதானே. 'ஆம்' என்பதில் குறியிட்டாள்.

விவரம் எழுதும் இடத்தில் எழுதினாள்: 'தொந்தரவுக்கு மன்னிக்கவும். பக்கத்து வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். காலையில் வண்டிகள் நிற்கின்றன. மூடப்பட்ட பின்தாழ்வாரத்தில் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள்; அதற்கு அனுமதி உண்டா என்று தெரியவில்லை, அவர்கள் பாதுகாப்பை நினைத்துத்தான் சொல்கிறேன். தயவுசெய்து இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் அருமையான பெண். அவள் போடுகிற இஞ்சிக் காபி மாதிரி நான் எங்கேயும் குடித்ததில்லை. அவளுக்குச் சங்கடம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் மன்னிக்கவும். நன்றி.'

கழுத்தை அறுக்கும்போதும் சட்டைக் காலரை மடித்துவிட்டு அறுக்கிற ஜாதி இது. அனுப்பியபின் லோர்னாவுக்கு மனசு லேசாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை காபி குடிக்கும்போது வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தாள்.

பத்து நாளில் அதிகாரி வந்தார். அவரும் வாசலில் பூட்ஸைக் கழற்றி, சாரி சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்தாழ்வாரத்தைத்தான் அளந்தார். அனுமதி இல்லாமல் அடைத்துக் கட்டியது, அவசரத்துக்கு வெளியேற ஜன்னல் போதாது, பிள்ளைகளை வைக்கக் கூடாது. தாழ்வாரத்தைக் கட்டியது வீட்டுக்காரர். அவர் வேறு ஊரில் இருந்தார். அவருக்கு நோட்டீஸ் போனது. ஜன்னலுக்குச் செலவு செய்வதைவிட ஒரு வரி எழுதுவது மலிவு என்று அவர் எழுதிவிட்டார்: 'இந்த வீட்டில் இனி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டாம். சாரி.' பிப்ரவரி முடிவதற்குள் ஐந்து பிள்ளைகளும் வேறு இடம் போய்விட்டார்கள். மூன்றாவது வருஷம் பாதியில் அறுந்தது. அப்ரெஹெத் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் அறை சுத்தம் செய்யப் போனாள். அந்தச் சம்பளம் அம்மாவை வரவழைக்கக் காணாது.

அவள் அழுததும் லோர்னாவின் சமையலறையில்தான். வேறு எங்கே போவாள்?

"அம்மாகிட்ட என்ன சொல்றது லோர்னா? பெட்டிகூட வாங்கி வச்சுட்டா. இனி மறுபடி ஒண்ணுலேர்ந்து மூணு வருஷம். அவளுக்கு எழுபத்தாறு."

லோர்னா அவள் முதுகைத் தடவினாள். தடவின கைதான் அந்தப் படிவத்தையும் தட்டியது. "சாரி, டியர். ரொம்ப சாரி," என்றாள். அந்த சாரியில் இருந்த உண்மை அவளுக்கு மட்டும்தான் தெரியும். மற்றபடி அது கண்ணாடிக் கதவுக்குச் சொன்ன சாரி மாதிரிதான் காதில் விழுந்தது.

"புகார் குடுத்தது யாரா இருக்கும்னு எனக்குத் தெரியும். எதிர்வீட்டு டுவெய்ன்தான்."

டுவெய்ன் பர்டி ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. அந்தத் தெருவிலேயே முகத்துக்கு நேரே பேசுகிற ஒரே ஆள் என்பதால் யாருக்கும் அவனைப் பிடிக்காது. "உன் பிள்ளைங்க என் பூச்செடிய மிதிச்சுதுங்க, பாத்துக்க" என்று வந்த புதிதிலேயே அப்ரெஹெத்திடம் கத்தியவன். அவனாக இருக்காது என்று லோர்னா அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்கு நாலு வார்த்தை போதும். அவள் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "யாரா இருந்தாலும் இப்படிப் பண்ணக் கூடாது" என்றாள்.

அப்ரெஹெத் நேராகத் தெருவைக் கடந்து போனாள். டுவெய்ன் கதவைத் திறந்ததும் அவள் போட்ட சத்தம் நாலு வீடு கேட்டது. "எங்கிட்ட மூஞ்சிக்கு நேர கத்தின ஆம்பிளைக்கு, இதையும் மூஞ்சிக்கு நேர சொல்லத் தைரியம் இல்லையா?" "நான் ஏம்மா எழுதிப் போடறேன்? எனக்கு எழுதவே வராதே" என்று அவன் சொன்னது லோர்னாவின் ஜன்னல்வரை கேட்டது. அவள் திரையை இழுத்துவிட்டாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இப்போது சனிக்கிழமையும் மோட்டல் வேலை. காபி ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருந்தது. அப்ரெஹெத் உற்சாகமாக உள்ளே வந்தாள்.

"மோட்டல்ல ஒரு பொண்ணு சொன்னா. அந்தப் புகாரோட நகல் கேட்டு எழுதிப் போட்டா தருவாங்களாம். முப்பது நாள் ஆகுமாம். எழுதிப் போட்டுட்டேன்."

லோர்னாவின் கையில் கோப்பை நின்றது. "பேரெல்லாம் குடுப்பாங்களா?"

"பேரக் கறுப்பு மையால அடிச்சுடுவாங்களாம். பரவால்ல. எழுதினது அப்படியே இருக்கும். ஆளு பேசற பேச்சுலயே ஆளத் தெரியும் எனக்கு."

எழுதினது அப்படியே இருக்கும். லோர்னா அன்று முழுவதும் தான் எழுதியதை மனசில் ஓட்டிப் பார்த்தாள். வண்டி என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். தாழ்வாரம் பின்தெருவிலிருந்தும் தெரியும். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போதுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது. இஞ்சிக் காபி. இரண்டு சொட்டு மரியாதைக்காகச் சேர்த்த வரி. அந்தத் தெருவில் அப்ரெஹெத்தின் காபியைக் குடித்த ஒரே ஆள் அவள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முப்பது நாள் இருந்தது. காகிதம் வருவதற்குள் தானே போய்ச் சொல்லிவிட்டால், அப்ரெஹெத் கத்துவாள், ஒருவேளை மன்னிப்பாள். காகிதம் முந்திக்கொண்டால் எதுவும் மிஞ்சாது. இது லோர்னாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

முதல் தடவை பட்டர் டார்ட் என்ற இனிப்பு ஒரு டஜன் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். அப்ரெஹெத் கதவைத் திறந்து, "என்ன, நீங்க வந்திருக்கீங்க! அதிசயமா இருக்கே!" என்றாள். உண்மைதான், இரண்டரை வருஷத்தில் லோர்னா அந்த வாசற்படி ஏறியது அதுவே முதல் முறை. "கதவத் திறந்து வச்சுக் குளிர உள்ள விட்டுட்டேன், சாரி" என்று தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

இரண்டாவது தடவை மூன்று கோப்பையும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். "அப்ரெஹெத், நான் உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தும்விட்டாள். அப்ரெஹெத் கோப்பையைக் கீழே வைத்து, முழு முகத்தையும் திருப்பி, "சொல்லுங்க" என்றாள். அப்படி ஒருத்தர் காது கொடுத்துக் காத்திருந்ததைத்தான் லோர்னாவால் தாங்க முடியவில்லை. "அந்த மோட்டல் வேலை உன் முதுகுக்கு ஆகாது" என்று முடித்தாள்.

மூன்றாவது தடவை போகவே இல்லை. பதிலாக, பனி விழுந்த ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு எழுந்து, தன் முட்டிவலியோடு அப்ரெஹெத்தின் நடைபாதைப் பனியைச் சுத்தமாகத் தள்ளிவைத்தாள். வாயால் ஒரு நிமிஷத்தில் முடியக்கூடியதை பனி தள்ளும் ஷவலால் மூன்று வாரம் செய்துபார்த்தாள். அப்ரெஹெத் ஜன்னலைத் திறந்து, "லோர்னா, உங்கள மாதிரி ஒரு ஆளு எனக்கு இந்த ஊர்ல இல்ல!" என்று கத்தினாள். அன்றைக்கு லோர்னா வீட்டுக்குள் வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஏப்ரல் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தபால்காரர் பக்கத்து வீட்டுப் பெட்டியில் பழுப்பு நிற உறை ஒன்றைப் போட்டார். முப்பத்தொரு வருஷம் தபாலில் இருந்தவளுக்கு எந்த உறை எங்கிருந்து வருகிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். அப்ரெஹெத் வேலையிலிருந்து வர ஐந்து மணியாகும். இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு அப்ரெஹெத் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதையும், பெட்டியைத் திறப்பதையும் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு அவள் காத்திருந்தது அந்தச் சத்தத்துக்காக. டுவெய்ன் வீட்டு வாசலில் போட்ட மாதிரி ஒரு சத்தம் தன் வாசலிலும் வரும். நாலு வீடு கேட்கட்டும். கத்தி முடித்ததும் தானும் சொல்லிவிடலாம். புதன் வரவில்லை. வியாழன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அப்ரெஹெத் மண்கூஜாவையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். லோர்னா அவசரமாக முடியைச் சரிசெய்தாள். அப்ரெஹெத் தெருவைக் கடந்து டுவெய்ன் வீட்டுக்குப் போனாள்.

கதவு திறந்ததும் அவள் கூஜாவைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, தலையைக் குனிந்து, என்னவோ சொன்னாள். கேட்காவிட்டாலும் என்ன சொல்கிறாள் என்று லோர்னாவுக்குத் தெரிந்தது. டுவெய்ன் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு கூஜாவை அவனே எடுத்துக்கொண்டு உள்ளே வழிவிட்டான். பன்னிரண்டரை வரை அவள் வெளியே வரவில்லை. லோர்னா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் குப்பை எடுக்கிற நாள். லோர்னா தொட்டியைத் தெருவோரம் இழுத்துவந்தபோது அப்ரெஹெத்தும் தன்னுடையதை இழுத்துவந்தாள். ஓட வழியில்லை. அப்ரெஹெத் நிமிர்ந்து பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பை லோர்னா அதுவரை கண்டதில்லை. ஆனால் வேறொரு முகத்தில் கண்டிருக்கிறாள். பூட்ஸோடு வந்தவரைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு அது.

"குட் மார்னிங், லோர்னா! ஏப்ரல்ல என்ன குளிர் பாருங்க!"

"ஆமா. வியாழன் வரைக்கும் இப்படித்தானாம்."

"காத்து வேற."

"காத்து வேற," என்றாள் லோர்னா. பிறகு தொட்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு, "அப்ரெஹெத், நான் உங்கிட்ட…"

"இல்ல இல்ல, ஒண்ணும் பிரச்சினை இல்ல!"

"நான்தான் அந்த…"

"பரவால்ல, லோர்னா. சாரி, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

தேவையில்லாமல் அவள் சொன்ன முதல் சாரி அது. நாலடி போனவள் திரும்பி, கையை உயர்த்தி ஆட்டினாள்.

"ஒரு நாள் கட்டாயம் காபி சாப்பிடலாம்!"

"கட்டாயம்," என்றாள் லோர்னா.

பஸ் வந்தது. அப்ரெஹெத் ஏறி, அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். பஸ் முனை திரும்பி மறையும்வரை லோர்னா சிரித்த முகத்தோடு கையாட்டிக்கொண்டே நின்றாள்.